பச்சை மூங்கில் ஒன்று போதும்

பள்ளிக்கூடத்துக்கு ஒரு மூங்கில் வாங்கி வர வேண்டும். அன்றைக்கு எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

கடைக்குப் போக வேண்டியது, வாங்க வேண்டியது, தூக்கிக்கொண்டு வர வேண்டியது. இதில் தப்பு நடக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

அப்போது யுத்த காலம். திருச்செங்கோட்டில் ஹைஸ்கூல் கடைசி வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடிக்கொண்டும் தாண்டிக்கொண்டும் இருந்தேன் என்பதுதான் உண்மை.

நூறு கஜம் ஓடுவேன். நீளம் தாண்டுவேன். எல்லாவற்றுக்கும் மேலாகக் கோலூன்றித் தாண்டுவேன். நீளமான மூங்கிலைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, அதைக் குழியில் ஊன்றி, அதிலேயே தொங்கிக்கொண்டு எழும்பி, உயரத்தில் வைத்திருக்கிற குறுக்குக் கம்பைத் தாண்டி அந்தப் பக்கம் மணலில் விழ வேண்டும். பள்ளிக்கூடத்தில் என்னைத் தவிர வேறு யாரும் இதற்கு முன்வரவில்லை. அதனால் நான்தான் சாம்பியன்.

மறுநாள் விடிகாலை சேலத்துக்குப் பஸ். ஜில்லாவிலுள்ள ஹைஸ்கூல்களுக்கெல்லாம் அங்கே பந்தயம். போவதற்கு இரண்டு முட்டுக்கட்டை இருந்தது. ஒன்று, முந்தின நாள் பயிற்சியில் பள்ளிக்கூடத்துக் கோல் படீரென்று பிளந்துவிட்டது. இன்னொன்று, பெரியப்பா.

எங்கள் வீடு ஊரைவிட்டுத் தள்ளி, சாகுபடிக் காட்டுக்குள் இருந்தது. ஒரே குடும்பமாக இருந்தோம். அதில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். என் அப்பாவே அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தும்முவார். அந்தப் பெரியப்பா காமாலை வந்து ஒரு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். வாய்க்கு மோர்ச்சோறும் கீழாநெல்லியும்தான். மனுஷருக்கு உடம்பில் பாதி போய்விட்டது, கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

சேலத்துக்குப் போகட்டுமா என்று அப்பா எனக்காக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

"இவன் தாண்டறதுக்குச் சேலம் வரைக்கும் எதுக்குப் போகோணும்? நம்ம காட்டுல வேலி இல்லையா?" என்றார் பெரியப்பா.

அப்பா வெளியே வந்து என்னிடம் குசுகுசுத்தார். "இன்னிக்கு மத்தியானத்தோட பத்தியம் முடியுதுடா. உங்கம்மா கோழி அடிச்சுக் கொழம்பு வெக்கறா. ஒரு மாசம் கழிச்சுக் கோழிக் கொழம்பு தின்னுபோட்டு நல்ல முகமா உக்காந்திருப்பாரு. பொழுதோட வந்து நீயே கேளு. அது வரைக்கும் அவரு மனசு நோவறாப்பல ஒண்ணும் பண்ணிப்போடாதே."

நான் என்ன பண்ணப் போகிறேன்? மூங்கில் வாங்கப் போகிறேன்.

எங்கள் டிரில் மாஸ்டர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். மதராஸ் பக்கத்துக்காரர். எதையும் உத்தரவாகத்தான் சொல்வார். "பச்சை மூங்கிலா வாங்கு. காஞ்சது வேண்டாம், நேத்து மாதிரி பிளந்துக்கும். கணு நெருக்கமா இருக்கணும். ஒரு ஆள் பாரம் தாங்கணும். வரும்போது நடந்து வரக் கூடாது, தோள்ல வச்சுக்கிட்டு ஓடி வரணும். பயிற்சியும் ஆச்சு."

"ஆகட்டுங்க சார்" என்று ஒரு சலாம் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

மூங்கில் கடைக்காரர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "வா சாமி, என்ன வேணும்?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"பச்சை மூங்கில் ஒண்ணு வேணுங்க. ஒரு ஆள் பாரம் தாங்கோணும்."

அவருடைய சிரிப்பு நின்றது. எழுந்து வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "நீ எந்த ஊட்டுப் பையன் சாமி?" என்று மெதுவாகக் கேட்டார்.

பெரியப்பா பேரைச் சொன்னேன்.

"அடக் கடவுளே. காமாலைன்னு கேள்விப்பட்டேன். பொல்லாத நோவு சாமி அது." மூங்கில் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுல எப்படி ஆவும்? ரெண்டா எடுத்துக்க."

"ஒண்ணு போதுங்க. ஓடி வந்து ஊனி ஒரே தூக்காத் தூக்கிப்போடலாம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் அதைக் கவனிக்காமல் ஒரு மூங்கிலை உருவி, இரண்டு அடுக்குகளுக்கு நடுவே குறுக்கே போட்டு, அதைப் பிடித்துத் தொங்கி நாலு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். நல்ல மூங்கில். வளைந்தது, முறியவில்லை. சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கடைக்காரர் உள்ளே இருந்த சம்சாரத்திடம், "பாவம், பையனுக்குப் புத்தி கலங்கிப்போச்சாட்ட இருக்குது. இவனைப் போய் அனுப்பிச்சிருக்கறாங்களே" என்று சொன்னது என் காதில் விழுந்தது. யாரையோ சொல்கிறார் என்று இருந்துவிட்டேன்.

பேரம் பேசாமல் எதையும் வாங்காதே என்பது எங்கள் வீட்டு வளர்ப்பு. "கொஞ்சம் கொறைச்சுக்கங்க" என்றேன்.

"இதுக்குப் பேரம் பேசப்படாது சாமி" என்றார். நான் நீட்டியதை எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் போட்டுக்கொண்டார். அதோடு விட்டாரா? ஒரு கத்தைத் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து, "இதும் வேணுமல்ல, வெச்சுக்க" என்று சும்மாவே கொடுத்தார். பஸ்மேல் வைத்துக் கட்டுவதற்குக் கயிறு வேண்டுமே என்பது எனக்கே தோன்றவில்லை. விளையாட்டு வீரனுக்கு எத்தனை ஆதரவு பாருங்கள் என்று மனசு குளிர்ந்து போயிற்று.

இந்த இடத்தில் உங்களுக்கெல்லாம் விஷயம் விளங்கியிருக்கும். பச்சை மூங்கிலும் நார்க்கயிறுமாக ஒருத்தன் தெருவில் ஓடினால் எதற்கென்று கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். பாடை கட்டத்தான் என்று தெரியாத ஒரே ஆள் அன்றைக்குத் திருச்செங்கோட்டில் நான்தான். டிரில் மாஸ்டரையும் சேர்த்தால் இரண்டு பேர். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர். அவர்களுக்குப் பாடை கிடையாது, பெட்டிதான்.

எனக்கோ மூங்கில் என்றால் கோல், கயிறு என்றால் பஸ். சொன்னபடியே தோளில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

கடைவீதியில் நுழைந்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். நான் வர வர ஜனங்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். செட்டியார் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் தலைப்பாகையைக்கூட அவிழ்த்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷமாகத் தாண்டிக்கொண்டிருந்தும் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. ஊருக்கு இப்போதுதான் என் அருமை தெரிந்திருக்கிறது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக் கொஞ்சம் தலையை வேறு ஆட்டிவைத்தேன்.

வழியில் தோள் வலித்தது. ஒரு காப்பி கிளப்புச் சுவரில் மூங்கிலைச் சாத்தினேன். உள்ளே இருந்து முதலாளி பாய்ந்து வந்தார்.

"இங்க சாத்தாத சாமி, இங்க சாத்தாத. வியாபாரம் பண்ற இடம். எங்கீமே எறக்கி வெக்காம நேரா போயிரோணும். தண்ணி வேணுமா? இரு, நானே கொண்டாந்து ஊத்தறேன்."

தோளில் மூங்கில் இருக்க, அவரே செம்பைத் தூக்கி வாயில் ஊற்றினார். ராஜ உபசாரம்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டிலிருந்து பெண் பார்க்கக் கிளம்புகிற கோஷ்டி. முன்னால் ஒரு அம்மாள் பூவும் பழமும் வைத்த தட்டோடு படியிறங்கினாள். என்னைப் பார்த்தாள். அப்படியே பின்னாலேயே படியேறி உள்ளே போய்விட்டாள். அவள் பின்னால் வந்த மாப்பிள்ளையும் உள்ளே போனான்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எனக்காக நிற்பதா? அவர்கள் வாசலிலேயே நின்றுகொண்டேன். "நீங்க போங்க, நான் நிக்கறனுங்க" என்றேன்.

"நீ போ சாமி" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

"பரவாயில்லீங்க, நீங்க மொதல்ல போங்க."

"நல்லா இருப்பே, போயிரு சாமி." குரலில் அழுகை கலந்துவிட்டது.

நானும் மரியாதை தெரிந்தவன் அல்லவா? விடவில்லை. கடைசியில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. சரி, கூச்ச சுபாவம் போல என்று ஓட்டத்தைத் தொடர்ந்தேன்.

அப்போதுதான் தெருக்கோடியில் எங்கள் ஊர் குப்பண்ணன் வண்டி நின்றது. பருத்தி ஏற்றி வந்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்புகிறவர். தூரத்திலிருந்து என்னையும் மூங்கிலையும் கயிற்றையும் பார்த்தார். நான் உற்சாகமாகக் கையை ஆட்டினேன். அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். பிறகு வண்டியைத் திருப்பி, வீட்டுக்குப் போகிற வழியை விட்டுவிட்டு, எங்கள் அத்தை ஊருக்குப் போகிற வழியில் மாடுகளை விரட்டினார். அங்கே என்ன வேலையோ என்று நினைத்தேன்.

இனிமேல் நடந்தது என் அம்மா சொல்லிக் கேட்டது.

அத்தை என்றால் பெரியப்பாவின் ஒரே தங்கை, என் அப்பாவுக்கு அக்கா. ஐந்து வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஒரு கல்யாணத்தில் தாம்பூலம் கொடுக்கும்போது அத்தையைப் பேர் சொல்லி முதலில் கூப்பிடவில்லை என்று வந்த சண்டை. அண்ணன் ஊட்டு வாசப்படியை அவர் செத்தாத்தான் மிதிப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனவள். சொன்ன சொல் தவறாமல் அன்றைக்கு வந்துவிட்டாள்.

பெரியப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இலை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அம்மா சோற்றைப் போட்டுக் கோழிக் குழம்பை ஊற்றினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு. பெரியப்பா பிசைந்து, வாய்க்குக் கொண்டு போகும்போது வெளியே வண்டி வந்து நிற்கிறது, ஒப்பாரி கேட்கிறது.

"என்ற அண்ணா, என்னையப் பெத்த அப்பன் மாதிரி இருந்தீங்களே, ஒரு வார்த்தை பேசாமயே போயிட்டீங்களே..."

கேதம், அதாவது சாவுச் சேதி, காதில் விழுந்தால் வீட்டில் ஆக்கியதைத் தின்னக் கூடாது. அம்மா யார், என்ன என்று கேட்கவில்லை. உறவில் யாரோ போய்விட்டார்கள் என்று குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்துவிட்டாள்.

பெரியப்பா கையைக்கூடக் கழுவாமல் வெளியே ஓடினார். தலைவிரி கோலமாகத் தங்கை. ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிறார். யார் செத்தார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தங்கை இப்படி அழுகிறாள் என்றால் பெரிய சாவாகத்தான் இருக்க வேண்டும். அவரும் "அய்யோ சாமி" என்று அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார். கண்ணை மூடிக்கொண்டு அத்தையும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"என்ற அண்ணன் போயிட்டாரே..."

"எந்த அண்ணன் அம்மணி?" என்றார் பெரியப்பா அழுகைக்கு நடுவில். "உனக்கு நான் ஒருத்தன்தானே?"

அத்தை கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள்.

தண்ணீர் தெளித்து எழுப்புவதற்குள் வாசலில் இன்னும் நாலைந்து வண்டி வந்துவிட்டது. குப்பண்ணன் போன வழியிலெல்லாம் சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பெரியப்பா ஒவ்வொரு வண்டிக்கும் எதிரே போய் நின்று, "நான் சாவுலீங்க, நான் சாவுலீங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. சிலர் அதையும் நம்பவில்லை. தொட்டுப் பார்த்தார்கள்.

"ஆருய்யா சொன்னது?" என்று பெரியப்பா கத்தினார்.

குப்பண்ணன் முன்னால் வந்தார். "உங்க ஊட்டுப் பையன்தானுங்க பச்சை மூங்கிலத் தூக்கிக்கிட்டு ஓடினான். என்னையப் பாத்துக் கையையும் ஆட்டினான்."

பெரியப்பா உள்ளே போய்க் குழம்புச் சட்டியைப் பார்த்தார். காலியாக இருந்தது. வெளியே வந்து தடியை எடுத்தார். "வண்டியக் கட்டு" என்றார்.

இங்கே மைதானத்தில் நான் புது மூங்கிலோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். பச்சை மூங்கிலில் ஒரு கஷ்டம், கனம். ஓடி வந்து ஊன்றினால் அது எழும்புவதற்குள் நான் இறங்கிவிடுகிறேன். சேலத்தில் சேர்த்துக்கொள்ளவே ஒன்பது அடியாவது தாண்ட வேண்டும். கம்பை அந்த உயரத்தில் வைத்துவிட்டு, "தாண்டினாத்தான் நாளைக்கு பஸ்" என்று சொல்லிவிட்டார் டிரில் மாஸ்டர்.

நாலாவது தடவை மணலில் குப்புற விழுந்து எழுந்தபோது மாட்டுவண்டிகள் மைதானத்துக்குள் வந்தன. முதல் வண்டியில் பெரியப்பா, தடியோடு. பின்னால் எங்கள் சொந்தம் அத்தனையும். இழவுக்கு என்று கிளம்பியவர்கள், வந்ததுதான் வந்தோம், என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டே போகலாம் என்று வந்துவிட்டார்கள். கடைவீதியிலும் ஒரு கூட்டம் சேர்ந்துகொண்டது.

பெரியப்பா இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"எங்கடா எனக்கு வாங்குன மூங்கில்?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் விளங்கிவிட்டது. கடைக்காரர், கயிறு, தலைப்பாகை, தண்ணீர் ஊற்றிய முதலாளி, தாழ்ப்பாள் போட்ட மாப்பிள்ளை வீடு, எல்லாம் வரிசையாகக் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. சேலம் போயிற்று, நானும் போனேன் என்று தோன்றியது.

"இதுதானுங்க பெரியப்பா" என்று மூங்கிலைக் காட்டினேன். வேறு என்ன சொல்வது?

டிரில் மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. பையனின் விளையாட்டைப் பார்க்கக் குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பூரித்துப்போனார். பெரியப்பாவுக்கு ஒரு சலாம் வைத்தார். நாற்காலி போடச் சொன்னார். "ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. பையன் தாண்டப் போறான், பாருங்க."

நாற்காலியைப் பார்த்ததும் பெரியப்பாவால் மறுக்க முடியவில்லை. உட்கார்ந்துகொண்டார். தடியைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். "தாண்டட்டும். தாண்டலீன்னா அந்தக் கயித்துலயே, அந்த மூங்கில்லயே இவனக் கட்டித் தூக்கிக்கிட்டுப் போறேன். எனக்கு வாங்குனது எதுக்கு வீணாப் போகோணும்?"

ஜனங்கள் உட்கார்ந்தார்கள். பழக்கதோஷம், ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

ஓடினேன். ஊன்றினேன். கம்பு விழுந்தது, நானும் விழுந்தேன். பெண்கள் பக்கமிருந்து ஒரே குரலாக "அய்யோ" என்று எழுந்தது. அழுவதற்குத் தயாராக வந்தவர்கள் இல்லையா, குரல் நன்றாகச் சேர்ந்து வந்தது.

மறுபடியும் ஓடினேன். மறுபடியும் விழுந்தேன். அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "என்ற கண்ணு, பச்சப் புள்ளையாச்சே" என்று மெல்ல ராகம் இழுக்க ஆரம்பித்தாள். பெரியப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். தடியைக் கைமாற்றிக்கொண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் இந்தப் பக்கமே விழுந்தால் அவர் கைக்கு எட்டுகிற தூரம்.

எனக்கு இருந்தது ஒரே வழி. அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.

அப்படி ஒரு ஓட்டம் நான் அதற்கு முன்னும் ஓடியதில்லை, பின்னும் ஓடியதில்லை. மூங்கில் கனம் தெரியவே இல்லை. ஊன்றியது தெரியும், வானம் தெரிந்தது, கீழே பெரியப்பாவின் வழுக்கை தெரிந்தது. அப்புறம் வாயெல்லாம் மணல்.

திரும்பிப் பார்த்தேன். கம்பு அப்படியே இருந்தது.

கேதத்துக்கு வந்த இடத்தில் கை தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தார்கள். அவர் கம்பை அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்பைப் பார்த்தார்.

"அட நாயே" என்றார். "இவ்வளவு ஒசரமா?"

அத்தைதான் முதலில் சிரித்தாள். அப்புறம் மைதானமே சிரித்தது. பெரியப்பாவும் தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சிரித்ததைப் பார்த்துக்கொண்டே வாயிலிருந்த மணலைத் துப்பினேன்.

"நாளைக்குச் சேலம் போகட்டுமாங்க பெரியப்பா?" என்று சந்தடிசாக்கில் கேட்டேன்.

"போ. ஆனா அந்த மூங்கில நம்ம ஊட்டுப் பக்கம் கொண்டாந்தீன்னா, அது உனக்குத்தான் ஆவும்" என்றார். பிறகு அத்தையிடம் திரும்பி, "நீ வா அம்மணி. இன்னொரு கோழி அடிக்கச் சொல்றேன்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

சேலத்தில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாலாவதாக வந்தேன். பெரியப்பா தடியோடு நிற்காத இடத்தில் அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆனால் போன பயணம் இருக்கிறதே, அதைச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? கரியைப் போட்டு எரித்து ஓட்டுகிற பஸ். ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். படியில் தொங்க இடம் கிடைத்தாலே முன்ஜென்மப் புண்ணியம் என்பார்கள். மாஸ்டர் மூங்கிலைப் பஸ்மேல் ஏற்றி, கடைக்காரர் கொடுத்த கயிற்றால் இறுக்கிக் கட்டினார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையை நீட்டி மேலே பார்த்துவிட்டு, அவசர வேலை நினைவு வந்தவர்கள் போல இறங்கிப் போனார்கள். வழியில் ஒவ்வொரு ஊரிலும் கை காட்டி நிறுத்தியவர்கள் மேலே பார்த்துவிட்டு, காட்டிய கையைக் கூப்பி வழியனுப்பி வைத்தார்கள்.

சேலம் வரைக்கும் நானும் டிரில் மாஸ்டரும் ஆளுக்கொரு சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போனோம்.